மாநிலம் மாறிக் குடிவரும் மாற்றுத்திறனாளித் தாய்: எந்தக் காகிதம் எல்லை தாண்டும்?



2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம். அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு சகோதரி உட்கார்ந்திருந்தார். இடது காலில் காலிப்பர், பக்கத்தில் ஊன்றுகோல், பத்து வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலிருந்து பங்காருப்பேட்டை வந்து அங்கிருந்து சென்னைக்கு ரயிலேறியவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். கணவர் தலாக் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கா எம்.ஜி.ஆர். நகரில் இருக்கிறார், கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காலிப்பரும் செயற்கைக் காலும் செய்து தருகிறார்கள், தையல் தெரிந்தால் சென்னையில் பிழைத்துக்கொள்ளலாம் என்ற மூன்று நம்பிக்கைகளோடு வந்திருந்தார்.

நாங்கள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த மஹல்லாம்மா? ஜமாஅத் கடிதம் இருக்கா?" என்பது. அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "பாய், வந்து ஒன்பது நாள்தான் ஆகுது. எந்த மஹல்லான்னு இனிமேதான் தெரியணும்."

அவருக்காக அலைந்த பதினொரு மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதையும், நாங்கள் செய்த ஒரு தவற்றையும் இம்மாதப் பாடமாக எழுதுகிறோம். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. நம் குடும்பங்களில் பெங்களூரு, ஹைதராபாத், சித்தூர், மும்பை என்று பெண் கொடுத்தவர்கள் பலர். நாளை உங்கள் அக்காவோ நாத்தனாரோ பிள்ளைகளோடு திரும்பி வரும் நிலை வந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே இதை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரியின் பிளாஸ்டிக் கவரில் பதினான்கு காகிதங்கள் இருந்தன. அவற்றை மேசையில் பரப்பிவைத்து, எது தமிழ்நாட்டில் செல்லும், எது செல்லாது என்று இரண்டாகப் பிரித்தோம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பிரிவினையைப் பற்றியதுதான்.

எல்லை தாண்டும் முதல் காகிதம், ஊனச் சான்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது) 58ஆவது பிரிவில், முறையாக வழங்கப்பட்ட சான்று நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாகவே சொல்கிறது. யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டையும் அதன் அடிப்படையில் வருவதுதான். "இது கர்நாடகா கார்டு, இங்கே புதுசா டாக்டர் பார்க்கணும்" என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் பணிவாகச் சொல்லுங்கள். முகவரியை மட்டும் அட்டையின் இணையதளத்தில் மாற்றிக்கொண்டால் போதும். அதன் பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்குள்ள உதவிகள் எல்லாம் அந்த அலுவலகத்தின் வழியாகவோ வருவாய்த் துறையின் வழியாகவோதான் வரும்.

எல்லை தாண்டாதது, உதவித்தொகை. அவர் கர்நாடகத்தில் வாங்கிக்கொண்டிருந்த மாதாந்தரத் தொகை அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. இங்கே வந்துவிட்டு அதையும் வாங்கிக்கொண்டு இங்கேயும் விண்ணப்பித்தால், என்றாவது ஒரு நாள் ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டும் நின்றுபோகும். ஆகவே கிளம்பும் முன் அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, "இன்ன மாதத்தோடு நிறுத்தப்பட்டது" என்று ஒரு காகிதம் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை வழியாக மாதம் 1,500 ரூபாய் வழங்கப்படுகிறது. 2023 ஜனவரி வரை இது 1,000 ரூபாயாக இருந்தது. 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், வேறு சில வகையினருக்கும் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கணவரால் கைவிடப்பட்டவர் என்ற வகையிலும் தனியாக ஓர் உதவித்தொகை உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒன்றுதான் கிடைக்கும். எது தனக்கு நல்லது என்று பார்த்து ஒன்றை மட்டும் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். மூன்றுக்கும் எழுதிப்போட்டால் மூன்று கோப்புகளும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கிடக்கும்.

இனி நாங்கள் செய்த தவறு. ரேஷன் அட்டை.

அவருடைய பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் தங்கவயலில் தாய் வீட்டு அட்டையில் இருந்தன. தமிழ்நாட்டில் புது அட்டை வேண்டுமானால் பழைய அட்டையில் பெயர் நீக்கிய சான்று வேண்டும். இது உண்மை. ஆகவே நாங்கள், "முதலில் போய்ப் பெயரை நீக்கிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். காலிப்பரோடு ரயிலேறிப் போய், இரண்டு நாள் காத்திருந்து, நீக்கிவிட்டு வந்தார். இங்கே விண்ணப்பித்தபோது முகவரி ஆதாரம் கேட்டார்கள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தார். மின் இணைப்பும் அவர் பெயரில், எரிவாயு இணைப்பு அக்காவின் பெயரில். நான்கு மாதங்கள் அந்தக் குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் ரேஷன் இல்லை.

நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் இருக்கிறது. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வேற்று மாநில அட்டை வைத்திருப்பவர், இங்குள்ள கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கு அரிசியை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் தாய் தன் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். துவரம் பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் கிடைக்காது, அவை தமிழ்நாட்டு அட்டைக்கு உரியவை. ஆனால் அரிசி கிடைத்திருக்கும். முகவரி ஆதாரம் கைக்கு வந்த பிறகுதான் பெயர் நீக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த நான்கு மாதங்கள் பைத்துல்மாலிலிருந்து அரிசி வாங்கிக் கொடுத்தோம். அதை உதவிக் கணக்கில் எழுதக் கூடாது என்று நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர் சொன்னார். அது எங்கள் தவற்றுக்கு ஈடு, தர்மம் அல்ல என்றார். அவர் சொன்னது சரி.

முடிச்சு அவிழ்ந்தது ஆதாரில்தான். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு ஆதார் ஆணையம் ஒரு சான்றுப் படிவம் வைத்திருக்கிறது. மாநகராட்சி மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், வட்டாட்சியர் போன்றோரில் ஒருவர் அதில் படம் ஒட்டிக் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தந்தால், முகவரி மாற்றத்துக்கு அது போதும். தேதியிட்ட மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இந்தப் படிவம் எங்கள் மேசை இழுப்பறையிலேயே இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம். ஆதார் மாறியது, ரேஷன் அட்டை வந்தது. அதன் பின் உதவித்தொகை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு.

வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகவரி ஆதாரம் முதலில், பிறகு ஆதார், பிறகுதான் பழைய ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம்.

வீடு

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மற்றவை எல்லாம் இதில்தான் மாட்டிக்கொண்டிருந்தன.

கே.கே. நகரிலும் எம்.ஜி.ஆர். நகர், நெசப்பாக்கம் பக்கத்திலும் அவருக்காக இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்தோம். தரைத்தளம் வேண்டும், மேலைநாட்டுக் கழிப்பறை வேண்டும், தெருவிலிருந்து வாசலுக்கு நாலைந்து படி இருக்கக் கூடாது. மழைத் தண்ணீருக்குப் பயந்து எல்லாரும் தரையை உயர்த்திக் கட்டிவிட்டார்கள், படியில்லாத வாசலே அபூர்வம். வாடகை ஒத்துவந்தால் வீட்டுக்காரர் "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்பார். அதைத் தாண்டினால் "கால் இப்படி இருக்கே, வாடகை எப்படிக் கட்டுவாங்க?" என்பார். சிலர் பெயரைக் கேட்டதுமே "இப்பதான் வேற பார்ட்டிக்குப் பேசி முடிச்சோம்" என்று சொல்லிவிடுவார்கள். இவர்களில் நம் மார்க்கத்தைச் சேர்ந்த வீட்டுக்காரர்கள் இருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணவன் இல்லாத பெண்ணுக்குக் கொடுத்தால் தெருவில் பேச்சு வரும் என்றார் ஒருவர்.

வாடகை வீடு பற்றி 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது என்றும் சொல்கிறது. நடைமுறை வேறு என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வீடு வாடகைக்கு விடும் நம் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பதிவு செய்த ஒப்பந்தம் உங்களுக்கும் பாதுகாப்புதான். குடியிருப்பவருக்கோ அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் அரிசியே கிடைக்காது.

அல்ஹம்துலில்லாஹ், கடைசியில் வீடு கிடைத்தது. எங்கள் ஜமாஅத்தைச் சாராத, இந்து சமயத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொடுத்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று போட்டுத் தரலாமா என்று அவரே கேட்டார். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு அன்று எங்களுக்கு நினைவுக்கு வந்தது. கணவரையும் மகனையும் பிரித்துவைத்த உறவினர்கள் ஏறத்தாழ ஓராண்டு கழித்து இரக்கப்பட்டு மகனை ஒப்படைத்தபோது, மதீனாவை நோக்கிக் குழந்தையோடு தனியாக ஒட்டகத்தில் கிளம்பியவர் அவர். தன்யீமில் எதிர்ப்பட்ட உஸ்மான் இப்னு தல்ஹா அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஆயினும் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குபா வரை நடந்தே வந்து விட்டுவிட்டுத் திரும்பினார்.

பிள்ளைகள்

பள்ளி மாற்றுச் சான்று வர ஆறு வாரங்கள் ஆயின. அதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, மாற்றுச் சான்று தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்கிறது. இது எட்டாம் வகுப்பு வரை பொருந்தும், மாநிலம் மாறி வந்த பிள்ளைக்கும் பொருந்தும். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. அங்கே படித்தது கன்னடத்தில். மகன் இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டான். மகள் முதல் பருவம் முழுக்க அழுதாள். நமது மக்தபில் பெரிய பிள்ளைகள் இருவர் தினமும் மஃரிபுக்குப் பின் அவளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

எப்போது குடிபெயர்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் வந்ததால் ஆறாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உண்டு, கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் (2022 செப்டம்பரில் தொடங்கியது). மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. ஒரு வருடம் தள்ளி, ஏழாம் வகுப்பில் வந்திருந்தால் இரண்டுமே கைநழுவியிருக்கும். யாரும் இதை அவருக்குச் சொல்லவில்லை. தற்செயலாக அமைந்தது.

சாதிச் சான்று எல்லை தாண்டாது. கர்நாடகத்தில் முஸ்லிம்களை 2பி பிரிவில் வைத்துத் தந்த சான்று அங்கே மட்டும்தான். இங்கே 2007 முதல் முஸ்லிம்களுக்குள்ள 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு, தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள லப்பை, தக்கனி, ஷேக், சையத் முதலிய பிரிவினருக்கானது. இவருடைய பாட்டனார் வாணியம்பாடியிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர் என்பதால், பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டி வட்டாட்சியரிடம் கொடுத்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

ஜீவனாம்சம்

அவரிடமிருந்த தலாக் காகிதம், ஊர் ஜமாஅத்தின் பெயரில் வெள்ளைத்தாளில் எழுதியது. மார்க்க ரீதியில் அது போதும் என்று நாம் நினைக்கலாம். அரசு அலுவலகத்தில் அதற்குள்ள மதிப்பு குறைவு. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் குலா குறித்த ஒரு வழக்கில், தனியார் அமைப்புகள் தரும் சான்று செல்லாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் உலமாக்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் கையில் நீதிமன்ற உத்தரவு இல்லாத பெண், கவுன்ட்டர் முன் நிற்கும்போது அந்த விவாதம் அவருக்கு உதவாது.

பிள்ளைகளின் தந்தை நான்கு ஆண்டுகளில் ஒரு ரூபாய் அனுப்பவில்லை. வழக்குப் போடத் தங்கவயலுக்கு அலைய வேண்டுமே என்று பயந்துதான் இவர் சும்மா இருந்திருக்கிறார். அலைய வேண்டியதில்லை. மனைவி இப்போது எங்கே வசிக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே ஜீவனாம்ச மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது, இவர் சென்னை வந்து இரண்டு மாதம் கழித்து. பெற்ற பிள்ளைகளுக்குச் செலவு கொடுப்பது தந்தையின் கடமை என்பதில் மார்க்கத்தில் எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. இலவசச் சட்ட உதவி மையம் மூலம் மனு போட்டிருக்கிறோம்.

நமது படிவம்

மாநில எல்லை, அலுவலக எல்லை என்று இவ்வளவு பேசுகிறோமே, நமது உதவிப் படிவத்திலும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. "விண்ணப்பதாரர் இரண்டு ஆண்டுகளாக மஹல்லா சந்தா செலுத்தியவராக இருக்க வேண்டும்" என்பது நான்காவது நிபந்தனை. அதை எழுதியவர்கள் நாங்கள்தான். போலி விண்ணப்பங்களைத் தடுக்க எழுதினோம், காரணம் நியாயமானதே. ஆனால் நேற்று ரயிலில் வந்து இறங்கியவர் இரண்டு ஆண்டுச் சந்தா ரசீதுக்கு எங்கே போவார்?

ஜகாத்துக்கு உரியவர்களின் எட்டு வகைகளில் வழிப்போக்கரும் ஒருவர். குடியேற வந்தவர் வழிப்போக்கர் ஆவாரா என்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். அந்த வகையில் வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, ஏழை என்ற வகையிலேயே உரியவர், ஏழைக்கு ஊர் நிபந்தனை கிடையாது என்று சொல்லிவிட்டார். சென்ற ரஜபு மாதக் கூட்டத்தில் அந்த நிபந்தனையை நீக்கினோம். அதற்குப் பதிலாக, புதிதாக வருபவரின் வீட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் பெண், நேரில் போய்ப் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எதிர்த்து வாக்களித்தவர்களும் இருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் குவிந்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். இதுவரை இந்த வழியில் வந்தவை மூன்றே விண்ணப்பங்கள்.

கண் பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களுக்கு முன்பே மதீனாவுக்குக் குடிபெயர்ந்து அங்குள்ளோருக்குக் குர்ஆன் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். அந்த ஊருக்குப் புதியவராகவும் பார்வையற்றவராகவும் போனவரை அவர்கள் ஆசிரியராக ஏற்றுக்கொண்டார்கள். நம் சகோதரிக்கு இப்போது புதுக் காலிப்பர் வந்துவிட்டது. மிதிக்கும் தையல் இயந்திரத்தை ஒற்றைக் காலால் ஓட்டி இடுப்பு வலியோடு இருந்தவருக்கு, நலத்துறை திட்டத்தில் மோட்டார் பொருத்திய இயந்திரமும் கிடைத்தது. நமது மகளிர் தையல் வகுப்பை இந்த மாதம் முதல் அவர்தான் எடுக்கிறார். முதல் மாடியில் நடந்த வகுப்பை அதற்காகக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருக்கிறோம். பாத்திரங்களை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை, இடம் உள்ளவர்கள் சொல்லவும்.

வெளி மாநிலத்திலிருந்து உறவினர் யாரேனும் வரவிருந்தால், கிளம்பும் முன்பே போனில் எங்களிடம் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, யு.டி.ஐ.டி. அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், உதவித்தொகை நிறுத்தக் கடிதம், நிகாஹ் மற்றும் தலாக் காகிதங்களின் மூலப்பிரதி ஆகியவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள். துணையில்லாமல் பயணிக்க இயலாத கை, கால் பாதிப்புள்ளவர் ரயில்வே சலுகை அட்டை வைத்திருந்தால், படுக்கை வகுப்பில் அவருக்கும் உடன் வருபவருக்கும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. அலுவலகம் சனிக்கிழமைகளில் அஸர் முதல் இஷா வரை இன்ஷா அல்லாஹ் திறந்திருக்கும். வாசற்படிக்குப் பக்கத்தில் சாய்வுப் பாதை போட்டாகிவிட்டது.